போல்ட் பொருந்தினால் போதுமா?

போன எபிசோடில பழைய எஞ்சின்களைப் பற்றிக் கதைச்சபோது, "ஹெட்டை மாத்தினா கம்ப்ரெஷனும் மாறும்" என்ற ஒரு வசனத்தோட நேரம் முடிஞ்சிட்டுது. அதைக் கேட்டுட்டு என்ர சித்தியின்ர மகன் போன் எடுத்தான். அவனிட்ட செவர்லே 350 வி8 எஞ்சின் ஒன்று இருக்கு. ஒரு பக்க ஹெட்டில வெடிப்பு. பழைய சாமான் விக்கிற இடத்தில ஒரு ஹெட் வாங்கிட்டான். "போல்ட் எல்லாம் சரியாப் பொருந்துது அண்ணா, பூட்டலாமா?"

பொருந்தும். பிரச்சினையே அதுதான்.

செவர்லேயின் 'ஸ்மால் பிளாக்' எஞ்சின் 1955இல் வந்தது, 350 அளவு 1967இல். பல ஆண்டுகளாக போல்ட் ஓட்டைகள் ஒரே இடத்தில இருந்ததால, எந்த வருஷத்து ஹெட்டும் அநேகமா எந்த பிளாக்கிலும் உட்காரும். ஆனால் உள்ளே எரிபொருள் எரிகிற குழி, அதாவது காம்பஷன் சேம்பர், ஒன்றில 64 சிசி, இன்னொன்றில 76 சிசி. கோட் எழுதுற ஆக்களுக்கு இது விளங்கும்: இன்டர்பேஸ் ஒன்று, உள்ளே வேற வெர்ஷன். கம்பைல் ஆகும். ஓடும்போதுதான் விழும்.

கம்ப்ரெஷன் ரேஷியோ, தமிழில அமுக்க விகிதம், என்றால் என்ன? பிஸ்டன் அடியில நிக்கும்போது மேலே இருக்கிற மொத்த இடத்தை, பிஸ்டன் உச்சிக்கு வந்தபிறகு மிஞ்சுற இடத்தால பிரிக்கிறது. 350இல ஒரு சிலிண்டர் சுமார் 717 சிசி. உச்சியில மிஞ்சுறது சேம்பர் மட்டுமில்லை. கேஸ்கெட்டின் தடிப்பு (8.5 சிசி என்று வைப்பம்), பிஸ்டனுக்கும் பிளாக்கின் மேல்தளத்துக்கும் இடையில ஒரு 5, பிஸ்டன் தலையில வால்வுக்காக வெட்டின பள்ளம் ஒரு 6. இதோட 76ஐக் கூட்டினால் 95.5, விகிதம் 8.5. 64ஐக் கூட்டினால் 83.5, விகிதம் 9.6. வித்தியாசம் வெறும் 12 சிசி, இரண்டரைத் தேக்கரண்டி. மிஞ்சுற இடம் சின்னது என்றபடியால் கொஞ்சம் மாறினாலும் விகிதம் நல்லா ஆடும்.

இப்ப ஒரு பக்கம் 64, மற்றப் பக்கம் 76 என்று பூட்டினால், ஒரே எஞ்சினுக்குள்ள நாலு சிலிண்டர் 9.6இலயும் நாலு 8.5இலயும் ஓடும். டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்றுதான். தீப்பொறி நேரத்தை ஒரு பக்கத்துக்குச் சரிசெய்தால் மற்றப் பக்கத்துக்குப் பிழைக்கும்.

பிஸ்டனும் சேர்ந்து மாறினால் இன்னும் மோசம். 64 சிசி ஹெட்டுக்குக் கீழே 10 சிசி மேடு உள்ள பிஸ்டனைப் போட்டால் விகிதம் 11.6க்குப் போயிடும். இந்தப் பழைய இரும்பு ஹெட்டில சாதாரண 87 ஆக்டேன் பெட்ரோல் அதுக்குத் தாங்காது. தீ பரவ முதலே மிச்சக் கலவை தானா வெடிக்கும். அந்த 'டக் டக்' சத்தம்தான் நாக்கிங். தொடர்ந்து ஓடவிட்டால் பிஸ்டன் வளையம் இருக்கிற விளிம்பு உடையும். மேடு சேம்பரில முட்டாமல் இருக்கோ என்று களிமண் வைச்சுப் பார்க்கவும் வேணும். எதிர்ப்பக்கம், பெரிய சேம்பருக்குக் கீழே குழிவான பிஸ்டன் என்றால் ஒன்றும் உடையாது. வண்டி சோம்பேறியா, பெட்ரோல் மட்டும் குடிக்கும்.

"தடிச்ச கேஸ்கெட் போட்டு விகிதத்தைக் குறைக்கலாமே" என்று கனபேர் சொல்லுவினம். எனக்கு அது பிடிக்கிறதில்லை. பிஸ்டனின் தட்டையான பகுதி ஹெட்டை சுமார் 1 மி.மீ. வரை நெருங்கும்போதுதான் கலவை பிதுங்கிக் கலந்து வேகமா எரியும். அந்த இடைவெளியைக் கூட்டினால், நாக்கிங்குக்குப் பயந்து செய்த வேலையே நாக்கிங்குக்கு வழி விடும்.

ஹெட்டின் வார்ப்பு எண் வால்வு மூடிக்குக் கீழே இருக்கும். அதைப் பார்த்தால் பூர்வீகம் தெரியும், ஆனால் யாரும் முந்தி ஹெட்டைச் சீவியிருந்தால் சேம்பர் சுருங்கியிருக்கும். அதால அளக்கிறதுதான் வழி: வால்வையும் பிளக்கையும் பூட்டி, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தகட்டைக் கிரீஸ் பூசி மூடி, பியூரெட்டால நிறத் தண்ணி விட்டு எத்தனை சிசி போகுது என்று பாருங்கோ.

ஹோண்டாக்காரருக்கும் இதே கதை. பி18பி பிளாக்கில பி16ஏ ஹெட் வைக்கிற ஆக்கள் கவனிக்க வேண்டியது: இரண்டுக்கும் விட்டம் 81 மி.மீ.தான், ஆனால் பிஸ்டன் ஓடுற தூரம் 77.4க்குப் பதிலா 89. ஒரு சிலிண்டருக்கு சுமார் 60 சிசி கூட வந்து அதே சேம்பருக்குள்ள அமுங்கும். பிஸ்டன் பெட்டியில போட்டிருக்கிற விகிதம் ஒரு குறிப்பிட்ட ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் சொன்னது. உங்கட ஹெட்டின் சிசியைப் போட்டுத் திரும்பக் கணக்குப் பாருங்கோ.