எரிபொருள் எக்கி (பழைய பிரித்தானியத் தானுந்துகள்)

எரிபொருள் எக்கி என்பது தானுந்தின் கலத்திலுள்ள பெட்ரோலைக் கார்புரேட்டருக்கு அனுப்பும் கருவியாகும். மோரிசு ஆக்சுபோர்டு மூன்றாம் வரிசையைத் தழுவி இந்தியாவில் உருவான அம்பாசடர் 1950களின் இறுதி முதல் 2014 வரை தயாரிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் பிற பகுதிகளைப் போலவே தென்காசி, குற்றாலம் பகுதிகளிலும் இது வாடகைத் தானுந்தாக ஓடியது.

வகைகள்

இயந்திர எக்கி எஞ்சினின் பக்கத்தில் பொருத்தப்படும். நெம்புருள் தண்டு ஒரு நெம்புகோலை அசைக்க, மென்தகடு கீழிறங்கிப் பெட்ரோலை உறிஞ்சும். சுருள்வில் அதை மேலே தள்ளும்.

எசு. யூ. மின் எக்கியில் மின்காந்தம் மென்தகட்டை இழுக்கிறது. இழுப்பின் முடிவில் தொடுமுனைகள் பிரிய, மின்னோட்டம் நின்று சுருள்வில் பெட்ரோலைத் தள்ளுகிறது. "டிக் டிக்" ஒலி இதனால் எழுகிறது.

ஆவியடைப்பு

செங்கோட்டை, புளியரை வழியாக ஆரியங்காவு நோக்கிக் கோடையில் ஏறும்போது வேகம் குறைந்து, எஞ்சின் சூடேறும். எஞ்சினை ஒட்டிய எக்கியில் பெட்ரோல் ஆவியாகும். ஆவி எளிதில் அமுங்குவதால் எக்கி இயங்கியும் பெட்ரோல் நகராது, வண்டி நின்றுவிடும். எக்கியின் மேல் ஈரத்துணி சுற்றுவது ஓட்டுநர்களின் பழைய கைவைத்தியம். கலத்துக்கு அருகில் அமைந்த மின் எக்கி பெட்ரோலை அழுத்தித் தள்ளுவதால் இச்சிக்கல் குறைகிறது.

தெரிவு

எசு. யூ. கார்புரேட்டருக்குச் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 3 பவுண்டு அழுத்தமே போதும். புதிய தானுந்துகளின் எரிபொருள் உட்செலுத்தலுக்கான எக்கி இதைப்போல் பத்து மடங்குக்கும் மேல் அழுத்தம் தரும். அதைப் பொருத்தினால் மிதவை ஊசியடைப்பிதழ் தாங்காது. பெட்ரோல் வழிந்து தீப்பற்றக்கூடும்.

பராமரிப்பு

* மின் எக்கி ஒலிக்காவிடில் தொடுமுனைகளையும் புவி இணைப்பையும் தூய்மைப்படுத்த வேண்டும். சாரல் காலத்தில் நெடுநாள் நிறுத்திய வண்டிகளில் ஈரத்தால் இவை களிம்பேறும்.
* இடைவிடாது விரைவாக ஒலித்தால் கலம் காலியாக இருக்கலாம், அல்லது உறிஞ்சுகுழாயில் காற்று நுழையலாம்.
* இயந்திர எக்கியின் மென்தகடு கிழிந்தால் பெட்ரோல் எஞ்சின் எண்ணெயில் கலக்கக்கூடும். எண்ணெய் நீர்த்துத் தாங்கிகள் தேயும். அளவுகோலில் எண்ணெய் மட்டம் உயர்வதும் பெட்ரோல் மணமும் இதன் அறிகுறிகள்.
* 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2025 அளவில் நாடெங்கும் பரவலானது. எத்தனால் பழைய இரப்பர் மென்தகடுகளையும் குழாய்களையும் சிதைப்பதால், எத்தனால் தாங்கும் உதிரிகளை மாற்றுவது நன்று.

இவற்றையும் பார்க்கவும்

* கார்புரேட்டர்
* அம்பாசடர் தானுந்து