ஏஐ ஏஜென்ட் கையில் பேக்லாக்: எழுதி வைக்காததை அது எப்படி அறியும்?

பெங்களூரு ஐடி அலுவலகங்களின் காலை ஸ்டாண்ட்-அப் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் பெயர் ஜிரா. வாடிக்கையாளர் புகார்கள், சரிசெய்யாத பிழைகள், அடுத்து கட்ட வேண்டிய வசதிகள் எல்லாம் அதில் டிக்கெட்டுகளாகக் குவிந்து கிடக்கும். அந்தக் குவியல்தான் பேக்லாக். ஒரே புகார் இரண்டு முறை பதிவாகியிருந்தால் இணைப்பது, அவசரமானதை மேலே கொண்டு வருவது, காலாவதியானதை மூடுவது எல்லாம் பலரும் தள்ளிப்போடும் வேலைகள். இப்போது இவற்றை ஏஐ ஏஜென்ட்டுகளிடம் ஒப்படைக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட ஏஜென்ட்டுகளை வெளிக் கருவிகளோடு இணைக்கும் எம்சிபி என்ற பொது நெறிமுறை இதற்கு வழி திறந்தது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், அது என்ன செய்யும் என்ற விளக்கம், அதற்கு என்னென்ன விவரம் தர வேண்டும் என்ற பட்டியல் ஆகியவை ஏஜென்ட்டுக்குக் கிடைக்கும். எந்தக் கருவியை எப்போது எடுப்பது என்பதை அது அந்த விளக்கத்தைப் படித்தே முடிவு செய்கிறது. ஜிராவை உருவாக்கிய அட்லாசியன் 2025 மே மாதத்தில் தன் எம்சிபி சர்வரை அறிமுகப்படுத்தியது. சென்னையின் ஸோஹோவும் அதே ஆண்டில் இந்தப் பாதைக்கு வந்தது.

விளக்கம் அரைகுறையாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜிராவின் ஏபிஐயையே, அதாவது மற்ற மென்பொருள்கள் அதனோடு பேசும் வழியையே, பார்க்கலாம். ஒரு டிக்கெட்டை ‘முடிந்தது’ என்று மாற்றுவது மனிதருக்கு ஒரே கிளிக். ஏபிஐ வழியாகப் போனால் நிலையை நேரடியாக மாற்ற முடியாது. இப்போதுள்ள நிலையிலிருந்து எங்கெல்லாம் நகரலாம் என்று முதலில் கேட்க வேண்டும். பதிலில் வரும் எண்ணை வைத்து மறுபடி கோரிக்கை அனுப்ப வேண்டும். வேலை ஓட்டம் மாறினால் அந்த எண்ணும் மாறலாம். ஒருவருக்கு வேலையை ஒதுக்க அவர் பெயர் போதாது, அக்கவுன்ட் ஐடி வேண்டும். குழு தானாகச் சேர்த்துக்கொண்ட கட்டங்களுக்கு ‘கஸ்டம்ஃபீல்டு’ என்ற சொல்லும் ஓர் எண்ணுமே அடையாளம். உள்ளே இருப்பது வேலையின் அளவைக் குறிக்கும் ஸ்டோரி பாயின்ட்டா, வாடிக்கையாளர் பெயரா என்று அந்த எண்ணைப் பார்த்துச் சொல்லவே முடியாது. தேடல் முடிவுகளும் பக்கம் பக்கமாகத்தான் வரும். முதல் பக்கத்தோடு நின்றுவிட்ட ஏஜென்ட், பேக்லாக்கே அவ்வளவுதான் என்று அறிக்கை தந்துவிடும்.

இதெல்லாம் ஏதோ ஒரு கையேட்டில் இருக்கிறது. எங்குமே எழுதப்படாத விஷயங்கள்தான் கடினமானவை. உதாரணமாக, இந்த வாடிக்கையாளர் உறுதி சொல்லாமல் அவர் புகாரை மூடக்கூடாது. ‘பிளாக்ட்’ என்று குறித்தால் அதற்கான காரணத்தையும் எழுத வேண்டும். இந்த லேபிள் போன வருடமே வழக்கொழிந்துவிட்டது. புதிதாகச் சேருபவர் இதைப் பக்கத்து இருக்கையில் கேட்டுக்கொள்வார். வேலையை விட்டுப் போகிறவரின் நோட்டீஸ் காலத்தில், வேலை விவரங்களை ஒப்படைக்க அவசர அவசரமாக நடக்கும் கேடி செஷனில் கொஞ்சம் வெளியே வரும். ஏஜென்ட்டுக்குப் பக்கத்து இருக்கை கிடையாது. தெரியாத இடத்தை அது பெரும்பாலும் ஊகித்து நிரப்பிவிடும், அதுவும் தயக்கமே இல்லாத நடையில். ஆகவே கருவி என்ன செய்யும் என்பதோடு, எப்போது அதைத் தொடக்கூடாது என்பதையும் எழுதியாக வேண்டும்.

ஏபிஐகளைச் சோதிக்கவும் ஆவணப்படுத்தவும் உலகம் முழுக்கப் பயன்படும் போஸ்ட்மேன் பெங்களூரில் பிறந்தது. 2012இல் அபினவ் அஸ்தானா சிறு குரோம் செயலியாக அதைத் தொடங்கினார். 2014இல் அங்கித் சோப்தி, அபிஜித் கானே ஆகியோருடன் சேர்ந்து நிறுவனமாக்கினார். அந்நிறுவனத்தின் 2025 ஆய்வறிக்கையில், அன்றாட வேலையில் ஏஐ பயன்படுத்தும் டெவலப்பர்கள் 89 சதவீதம். ஏஜென்ட்டுகளை மனதில் வைத்து ஏபிஐ வடிவமைப்பவர்கள் 24 சதவீதம் மட்டுமே. ஏபிஐக் கருவிகளுக்குப் பேர்போன இந்த நகரம் வெட்கப்பட்டுத் திருத்திக்கொள்ள வேண்டிய இடைவெளி இது.

இதில் எம்சிபி நெறிமுறையே ஓரளவு கைகொடுக்கிறது. 2025 மார்ச் பதிப்பில், ஒரு கருவி வெறுமனே படிப்பதா, அழிக்கக்கூடியதா, இரண்டு முறை இயக்கினாலும் விளைவு ஒன்றேதானா என்று குறித்து வைக்கும் வசதி வந்தது. எதுவும் குறிக்காவிட்டால் அழிக்கக்கூடியது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. நல்ல விதி. ஆனால் இவை குறிப்புகள்தான், பூட்டுகள் அல்ல. நீக்கும் உரிமையை ஏஜென்ட்டின் கணக்குக்குத் தராமல் இருப்பதே பாதுகாப்பு.

இன்னோர் ஆபத்து டிக்கெட்டின் உள்ளேயே வரலாம். 2025 ஜூனில் கேட்டோ நெட்வொர்க்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதைச் செய்து காட்டினார்கள். வெளியாள் ஒருவர் சப்போர்ட் டிக்கெட்டில் ரகசியக் கட்டளையைச் சேர்த்து அனுப்புகிறார். ஊழியர் அந்த டிக்கெட்டை ஏஐயிடம் கொடுக்கிறார். ஏஐ அந்த ஊழியரின் உரிமையோடு கட்டளையை நிறைவேற்றி உள் தகவலை வெளியே விடுகிறது. டிக்கெட்டில் உள்ள எழுத்து வெறும் தகவல், உத்தரவு அல்ல என்று ஆவணத்தில் எழுதலாம், எழுதவும் வேண்டும். அதை மட்டும் நம்பி விட்டுவிடக் கூடாது.

எழுதியது போதுமா என்று சோதிக்க எளிய வழி உண்டு. பேக்லாக்கின் நகல் ஒன்றை எடுத்து, ஆவணத்தை மட்டும் கொடுத்து ஏஜென்ட்டை இயக்க வேண்டும். எந்தக் கருவியைத் தவறாக எடுத்தது, எந்தக் கட்டத்தைக் குழப்பிக்கொண்டது என்று பதிவேட்டில் பார்த்து, அந்த வரியைத் திருத்தி மறுபடி ஓட்ட வேண்டும். இப்படிப் பொறுமையாகச் செய்யத் தெரிந்த டெக்னிக்கல் ரைட்டர்கள் பெங்களூரின் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் ஒயிட்ஃபீல்டிலும் இருக்கிறார்கள். கோடிங் எல்லாம் முடிந்து, ரிலீசுக்கு முந்தைய வாரத்தில்தான் பல குழுக்கள் அவர்களைக் கூப்பிடுகின்றன. கருவிக்குப் பெயர் வைக்கும் முதல் கூட்டத்திலேயே அவர்களுக்கு நாற்காலி போட வேண்டும்.