களத்துக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு தொழில்

உழவர் கூட்டம் எங்கே நடந்தாலும், பேச்சு முடிந்து பந்திக்கு எழும்போது ஒரு கேள்வி தவறாமல் வரும். "இயற்கை வழியில விளைவிச்சாச்சு. விலைதான் கட்டுபடி ஆகல. சொந்தமா ஒரு தொழில் தொடங்கலாம்னு இருக்கேன். எதைச் செஞ்சா நல்லா ஓடும்?" கேட்பவர்களில் சிலர் நகரத்து வேலையை விட்டு ஊர் திரும்பிய இளைஞர்கள். வேறு சிலர், பிள்ளைகளை ஊரோடு இருக்கவைக்க ஒரு வழி தேடும் பெற்றோர்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் "எது ஓடும்?" என்று கேட்டால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதைத்தான் யாரும் கைகாட்டுவார்கள். பக்கத்து ஊரில் செக்கு ஓடுகிறது, நாமும் செக்கு போடுவோம். டவுனில் சிறுதானிய பிஸ்கட் விற்கிறது, நாமும் அடுப்பு வாங்குவோம். இப்படி ஒரே ஒன்றியத்தில் நாலு செக்கு வந்தால் நாலுக்கும் பாதி நாள் வேலை இருக்காது. தவணை மட்டும் மாதம் தவறாமல் வந்து நிற்கும்.

கேள்வியைத் திருப்பிப் போடுவோம். நம் சுற்றுவட்டாரத்தில் யார், எதற்காக அல்லாடுகிறார்கள்? அந்த அல்லாட்டம் தீர அவர்கள் இப்பவே காசோ, நேரமோ, விளைச்சலோ இழந்துகொண்டிருக்கிறார்களா? அப்படி ஒரு இடம் கண்ணில் பட்டால், நல்ல தொழில் யோசனை அங்கேதான் கிடக்கிறது.

தொல்லை முதலில், ஆலை பிறகு

குஜராத்தின் கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர்கள் 1946இல் கூட்டுறவு ஒன்றியம் அமைத்தார்கள். இன்று நாம் அமுல் என்று அறிவது அதைத்தான். பால் அவர்களிடம் எப்போதும் இருந்தது. தொல்லை பனிக்காலத்தில் வந்தது. அந்தப் பருவத்தில் எருமைகள் நிறையக் கறக்கும். பம்பாய் நகரம் அவ்வளவையும் எடுத்துக்கொள்ளாது. மிஞ்சிய பால் ஒரு நாள்கூடத் தாங்காது. அதை என்ன செய்வது என்ற கேள்விக்கு விடையாகத்தான் 1955இல் ஆனந்த் ஊரில் பால்பொடியும் வெண்ணெயும் எடுக்கும் ஆலை வந்தது. எருமைப்பாலில் பொடி எடுக்க முடியாது என்று அன்றைக்குப் பலரும் சொன்னார்கள். தலாயா என்ற பொறியாளர் செய்து காட்டினார். ஊரே அறிந்த ஒரு தொல்லைக்காக வந்த ஆலை அது. அதனால் மாடு வைத்திருந்தவர்கள் எல்லாரும் அதற்குப் பின்னால் நின்றார்கள்.

நம் பக்கத்திலும் ஒரு எடுத்துக்காட்டு இருக்கிறது. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை சாமை, தினை, கேழ்வரகு விளைந்த மலை. மரவள்ளி பரவியதும் சிறுதானியப் பரப்பு சுருங்கியது. அதற்குக் காரணம் விலை மட்டும் இல்லை, உரலும்தான். சாமையை உமி போக்கி அரிசியாக்கப் பெண்கள் மணிக்கணக்கில் உலக்கை போட வேண்டும். நாள் முழுக்கக் காட்டில் உழைத்து வந்தவர்கள் எத்தனை நாள் குத்துவார்கள்? எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே வேலை செய்தபோது, உமி நீக்கும் சிறிய இயந்திரங்களை ஊருக்குள் கொண்டுவந்து மகளிர் குழுக்கள் நடத்த ஏற்பாடு செய்தது. "சிறுதானியம் சாப்பிடுங்க" என்று மேடையில் சொல்வது சுலபம். சாப்பிட விடாமல் தடுத்தது உமி என்று கண்டுபிடித்ததில்தான் யோசனை இருக்கிறது.

ஓட்டை எங்கே என்று தேடுங்கள்

ஒரு தாளை எடுத்து, நம் பொருள் களத்திலிருந்து கிளம்பி ஒருவர் வீட்டு அடுப்பில் ஏறும்வரை நடப்பதை வரிசையாக எழுதிப் பாருங்கள். காயவைப்பது, தூற்றுவது, சேமிப்பது, அரைப்பது, கல் பொறுக்குவது, மூட்டை கட்டுவது, வண்டி ஏற்றுவது, விற்பது, பணம் வசூலிப்பது. இதில் எந்த இடத்தில் எல்லாரும் சலித்துக்கொள்கிறார்கள்?

பாரம்பரிய நெல் போடுகிறவர்களைக் கேட்டால் பட்டென்று சொல்வார்கள்: அரைவை. பத்து மூட்டை மாப்பிள்ளைச் சம்பாவைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆலைக்குப் போனால், "இவ்வளவு கொஞ்சத்துக்கு மிஷின் போட முடியாது" என்பார்கள். போட்டாலும் முன்னால் ஓடிய வேறு நெல்லின் அரிசி கலந்துவிடும். இல்லையென்றால் தவிட்டை முழுக்க உரித்து வெள்ளையாக்கித் தருவார்கள். அந்தத் தவிட்டுக்காகத்தானே வாங்குகிறவர் கூடுதல் விலை கொடுக்கிறார்!

இங்கே ஒரு தொழில் இருக்கிறது. சிறிய அளவில், ரகம் கலக்காமல், தவிடு போகாமல் அரைத்துக் கொடுக்கும் ஆலை. அதற்கு வாடிக்கையாளர் நகரத்தில் இல்லை, பக்கத்து வயலிலேயே இருக்கிறார்.

இன்னும் ஒரு படி போய்ப் பாருங்கள். தவிடு நீக்காத அரிசியில் எண்ணெய் இருப்பதால் நாள்பட வைத்தால் காறல் வாடை வரும், வண்டும் சீக்கிரம் விழும். நெல்லாக இருந்தால் உமி காக்கும். அப்படியானால் அறுத்ததும் மொத்தத்தையும் அரைத்து மூட்டை கட்டாமல், நெல்லாகவே வைத்திருந்து, மாதாமாதம் கேட்டவருக்குக் கேட்ட அளவு அரைத்து அனுப்பலாம். இதற்கு யாரும் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பாட்டிமார் குதிரில் நெல் வைத்து, வேண்டியபோது குத்திய முறைதான். அதைத் தொழிலாக மாற்றிக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

இதே கண்ணோடு பார்த்தால் வேறு இடங்களும் தெரியும். இயற்கை வேளாண்மைக்கு மாற நினைக்கிறவரிடம் மாடு இருக்காது. நாலு நாட்டு மாடு வைத்திருப்பவர் அவருக்கு ஜீவாமிர்தமும் பஞ்சகவ்யமும் கொடுக்கலாம். களையெடுக்க ஆள் கிடைக்காத ஊரில் ஒருவர் நான்கு கோனோவீடரை வாடகைக்கு விடலாம். ஆளுக்கு இருபது கிலோ காய் விளைவிக்கும் ஐந்து பேருக்கு ஒருவர் வண்டி ஓட்டலாம். உழவருக்கு உழவர் செய்யும் இந்த வேலைகளுக்குப் பளபளப்பான அட்டைப்பெட்டி வேண்டாம், விளம்பரமும் வேண்டாம்.

"நல்லாருக்கு" என்பது ஆர்டர் இல்லை

யோசனை கிடைத்ததும் நாம் செய்யும் முதல் வேலை, நாலு பேரிடம் சொல்லிப் பார்ப்பது. எல்லாரும் "அருமை, செய்யுங்க" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. நம் மனம் நோகக்கூடாது என்று சொல்கிறார்கள்.

அதனால் கருத்துக் கேட்காதீர்கள், அவர்கள் இப்போது செய்வதைக் கேளுங்கள். "இப்ப அரிசி எங்க வாங்குறீங்க? கடைசியா என்ன விலை கொடுத்தீங்க? அதுல என்ன குறை?" இந்த மூன்று கேள்விக்கு வரும் பதிலில் உண்மை இருக்கும். அடுத்ததாக, ஐந்து கிலோவுக்கு முன்பணம் கேட்டுப் பாருங்கள். முன்பணம் கொடுப்பவர் பத்துப் பேர், பாராட்டும் நூறு பேரைவிட மேல்.

முதல் முறை வாங்குவது பழக்கத்துக்காக. இரண்டாம் முறை, நம்மீது உள்ள மதிப்புக்காக. மூன்றாம் முறை அவராகவே போன் செய்து கேட்டால்தான் பொருள் விற்கிறது என்று அர்த்தம்.

ஒரு லிட்டர் எண்ணெயின் கணக்கு

உழவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்று சொல்லிச் சொல்லியே நம்மைக் கணக்குப் பார்க்காமல் வைத்துவிட்டார்கள். தொழிலுக்கு அது ஆகாது. செக்கு எண்ணெயையே எடுத்துக்கொள்வோம். கீழே உள்ள விலைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

ஒரு லிட்டர் கடலெண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ பருப்பு வேண்டும். 100 கிலோ பருப்பில் 40 லிட்டர் எண்ணெய். பருப்பு கிலோ 110 ரூபாய் என்றால் 11,000. ஆட்டும் கூலியும் மின்சாரமும் 1,000. பாட்டில் 480. கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவு 1,000. ஆக 13,480 ரூபாய். புண்ணாக்கு 60 கிலோவை 40 ரூபாய்க்கு விற்றால் 2,400 திரும்பி வரும். மீதி 11,080. லிட்டருக்கு 277 ரூபாய் அடக்கம். 320க்கு விற்றால் லிட்டருக்கு 43 ரூபாய் மிஞ்சும்.

43 ரூபாய் நல்ல லாபமாகத்தான் தெரியும். இப்போது செக்கை வாங்க 3 லட்சம் கடன் எடுத்ததாக வையுங்கள். 12 விழுக்காடு வட்டி, ஐந்து ஆண்டு என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 6,700 ரூபாய். தவணைக்கு மட்டுமே மாதம் 156 லிட்டர் விற்க வேண்டும். குடும்பத்துக்கு 15,000 ரூபாய் நிற்க வேண்டும் என்றால் 505 லிட்டர். ஒரு வீட்டில் மாதம் ஒரு லிட்டர் வாங்கினால், தவறாமல் வாங்கும் ஐந்நூறு வீடுகள் வேண்டும். அத்தனை வீடு நமக்குத் தெரியுமா? செக்கு வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

அதே எண்ணெயை, பக்கத்தில் சும்மா நிற்கும் செக்கில் கிலோவுக்கு 15 ரூபாய் கூலி கொடுத்து ஆட்டினால்? அடக்கம் லிட்டருக்கு 290 அளவுக்கு ஏறும். மிச்சம் 30 ரூபாய்தான். ஆனால் தவணை இல்லை. 50 லிட்டர் விற்றால் 1,500 கையில் நிற்கும். விற்காவிட்டால் வீட்டுச் சமையலுக்கு ஆகும். ஆறு மாதம் இப்படி ஓட்டி, கேட்பவர் பெருகிக் கூலிச் செக்கு சமாளிக்க முடியாமல் திணறும்போது சொந்தச் செக்கைப் பற்றி யோசிக்கலாம்.

இந்தக் கணக்கில் இரண்டு இடத்தில் நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்வோம். "நம்ம கடலைதானே" என்று பருப்பின் விலையை விட்டுவிடுவது ஒன்று. "நாமதானே செய்யுறோம்" என்று வீட்டுப் பெண்களின் உழைப்பைச் சேர்க்காமல் விடுவது இன்னொன்று. பருப்பைச் சந்தை விலைக்குப் போடுங்கள், உழைப்பை ஊர்க் கூலிக்குப் போடுங்கள். அதற்குப் பிறகும் மிஞ்சினால்தான் லாபம்.

மானியம் யோசனை ஆகாது

"35 விழுக்காடு மானியம் கிடைக்குதாம், என்ன மிஷின் வாங்கலாம்?" என்று தொடங்குகிறவர்கள் உண்டு. 2020இல் வந்த ஒன்றிய அரசின் சிறு உணவுத் தொழில் திட்டத்தில் தனிநபருக்கு அந்த அளவு மானியம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய். குறைந்தது 10 விழுக்காடு நம் கைப்பணம். மீதி வங்கிக் கடன். அதாவது மானியம் போகப் பாதிக்குமேல் நம் தலையில் கடன். ஓடாத தொழிலை மானியம் ஓடவைக்காது. ஏற்கெனவே ஓடுகிற தொழிலைப் பெரிதாக்க உதவும். வாங்க வேண்டியதுதான், ஆனால் வரிசையில் அது கடைசியில் வரட்டும்.

இன்னும் மூன்று கேள்விகள்

ஆண்டில் எத்தனை நாள் வேலை இருக்கும்? மாம்பழக் கூழுக்கு இயந்திரம் வாங்கினால் இரண்டு மூன்று மாதம் ஓடும், மற்ற நாளில் துணி போர்த்தி நிற்கும். அதே இயந்திரத்தில் நெல்லி, தக்காளி என்று வேறு பொருளும் ஓடுமா என்று பாருங்கள். ஓடாது என்றால் வாடகைக்கு எடுப்பது மேல்.

நம்மிடம் மட்டும் இருப்பது என்ன? பணக்காரர் நம்மைவிடப் பெரிய மிஷின் வாங்க முடியும். ஆனால் இந்த நெல் எந்த வயலில் விளைந்தது, என்ன இடுபொருள் போட்டோம் என்று வாங்குகிறவரை வரப்பில் நிற்கவைத்துக் காட்ட அவரால் முடியாது. அந்த நம்பிக்கைதான் நம் முதல். ஆகவே வெளியில் வாங்கிய பொருளை நம் பெயரில் கலந்து விற்கும் நாளில் அந்த முதலும் கரைந்துபோகும். விற்பதற்கு உணவுப்பொருள் செய்தால், எவ்வளவு சிறிய அளவாக இருந்தாலும், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் செய்துகொள்ளுங்கள்.

தோற்றால் எது போகும்? கைச்சேமிப்பில் கொஞ்சம் போனால் ஒரு போகத்தில் எடுத்துவிடலாம். நிலப் பத்திரத்தை அடகு வைத்துத் தொடங்கிய தொழில் தோற்றால், விவசாயமும் சேர்ந்து போகும். நிலத்தைக் காப்பாற்றத்தானே தொழில் தேடினோம்? பத்திரத்தைக் கேட்கும் யோசனை எவ்வளவு அழகாக இருந்தாலும் அது நமக்கான யோசனை இல்லை.

அடுத்த ஒரு மாதம்

இந்த மாதம் எந்த இயந்திரத்தின் விலைப்பட்டியலையும் வாங்காதீர்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். முதல் வாரம், ஊரிலும் சந்தையிலும் பத்துப் பேரிடம் அவர்கள் அல்லாடுவதைக் கேட்டு, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். இரண்டாம் வாரம், திரும்பத் திரும்ப வரும் ஒன்றைத் தேர்ந்து, அதற்கு இப்போது எவ்வளவு செலவாகிறது என்று விசாரியுங்கள். மூன்றாம் வாரம், கூலிக்கோ வாடகைக்கோ எடுத்து மிகச் சிறிய அளவில் செய்து, காசு வாங்கிக்கொண்டு கொடுங்கள். சும்மா கொடுக்காதீர்கள். நான்காம் வாரம் வரவு செலவைப் போட்டு, வாங்கியவர்களிடம் குறை கேளுங்கள்.

அந்த நோட்டோடு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். "எது ஓடும்?" என்று யாரும் கேட்க வேண்டியிருக்காது. யாருக்கு என்ன தேவை, எவ்வளவு தருவார்கள், நமக்கு எவ்வளவு நிற்கும் என்று கையில் எழுதியே இருக்கும். அதன்மேல் உட்கார்ந்து பேசலாம்.