அட்லஸ் என்ற பெயரில் திரியும் தப்ரோபானிஸ்

கேரளத்தில் ஒரு வீட்டுச் சுவரில் உள்ளங்கையைவிடப் பெரிய செம்பழுப்பு அந்துப்பூச்சி வந்து உட்கார்ந்தால், மறுநாள் செய்தியில் அது ‘அட்லஸ்’ ஆகிவிடுகிறது. மலையாளிகள் நாகசலபம் என்கிறார்கள். முன்னிறக்கை நுனி பாம்பின் தலைபோல வளைந்து, அதில் கண்போன்ற கரும்புள்ளியும் இருக்கும். தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய இந்த இனம் அட்டகஸ் தப்ரோபானிஸ். அட்டகஸ் அட்லஸ் அதன் நெருங்கிய உறவு. இமயமலை அடிவாரத்திலிருந்து இந்தோனேசியா வரை பரவியிருக்கிறது. அட்லஸுக்கு லின்னேயஸ் 1758-இல் பெயரிட்டார். தப்ரோபானிஸைத் தனி இனமாக விவரித்தவர் பிரடெரிக் மூர். அதற்குள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. வெறுங்கண்ணால் இரண்டையும் பிரிப்பது கடினம், பூச்சி கிடைத்த இடமே முதல் துப்பு.

வாழ்க்கைமுறை இரண்டுக்கும் ஒன்றே. வளர்ந்த பூச்சிக்கு உண்ணும் வாய் கிடையாது. புழுப்பருவத்தில் சேர்த்த கொழுப்பு தீரும்வரை, ஓரிரு வாரம்தான் ஆயுள். கூட்டைவிட்டு வெளியேறும் பெண் அதிகம் பறக்காமல் அருகிலேயே தங்கி மணத்தைப் பரப்புகிறது. ஆண் தன் இறகுபோன்ற உணர்கொம்பால் அதை மோப்பம் பிடித்து வருகிறது. கேரளத்தின் கலூர் போன்று இரவு முழுக்க விளக்கெரியும் நகரப் பகுதியில் வெளிச்சத்தில் சிக்கும் ஆண், இருக்கிற சில இரவுகளையும் வீணடித்துவிடும். புழுவுக்குத் தீனியாகும் மரங்கள் வெட்டப்படுவது அடுத்த கேடு.

பாதுகாப்பு நிலையில்தான் வேடிக்கை. அமெரிக்காவில் அட்லஸ் தடைசெய்யப்பட்ட அயல் பூச்சி. 2022 ஜூலையில் வாஷிங்டன் மாநிலத்தின் பெல்வியூ நகரில் ஒரு கார் கொட்டகையில் ஒன்று அகப்பட்டதும் அதிகாரிகள் பொதுமக்களை உஷார்படுத்தினார்கள். பரப்பு சிறிதான தப்ரோபானிஸுக்கு இங்கே அந்த அளவு கவனம்கூட இல்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இரண்டுமே மதிப்பிடப்படவில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பழைய அட்டவணையில் ‘பட்டாம்பூச்சிகளும் அந்துப்பூச்சிகளும்’ என்று தலைப்பு இருந்தது. அதன்கீழ் வந்த குடும்பங்களோ பட்டாம்பூச்சிகளுடையவை. கேரளம் 2018-இல் மாநிலப் பட்டாம்பூச்சியைக்கூட அறிவித்துவிட்டது.

ஆபத்தைக் கணிக்க இனத்தின் பரப்பும் எண்ணிக்கைப் போக்கும் வேண்டும். தப்ரோபானிஸைக் கண்டு அட்லஸ் என்று எழுதும் ஒவ்வொரு பதிவும், ஏற்கெனவே பரவலான இனத்தின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. 2012-இல் தொடங்கிய தேசிய அந்துப்பூச்சி வாரம் ஆண்டுதோறும் ஜூலைக் கடைசியில் நடக்கிறது. அப்போது எடுக்கும் படத்தோடு இடம், தேதி, புழு தின்ற மரம் ஆகியவற்றையும் குறித்து வைத்தால், பெயர் தவறாக இருந்தாலும் பின்னர் திருத்திக்கொள்ள முடியும்.