கணினித் திரையில் கடிகாரம்: பற்சக்கர வடிவமைப்பு மென்பொருளும் அதன் எல்லையும்

ஊசற் கடிகாரமொன்றின் உட்பொறியைக் கணினியில் வடிவமைத்துக் காண்பது இன்று ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் எளிதில் இயல்வதாகிவிட்டது. கட்டணமின்றிக் கிடைக்கும் ஃபிரீகேட் என்னும் வரைவு மென்பொருளில் பற்சக்கரங்களுக்கெனவே தனித் துணைத்தொகுப்பு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். பற்களின் எண்ணிக்கையையும் பல்லின் அளவையும் கொடுத்தவுடன் சக்கரம் திரையில் தோன்றிவிடும். பிற சக்கரங்களோடு இணைத்தால் அசைபடமாகச் சுழலவும் செய்யும். இவ்வெளிமையே ஒரு மயக்கத்திற்கும் இடந்தருகின்றது. திரையில் தடையின்றிச் சுழன்ற பொறி, பித்தளையிலோ நெகிழியிலோ செய்யப்பட்டபின் ஓடாது நின்றுவிடுவதுண்டு. மென்பொருள் தானே செய்து தருவது எது, வடிவமைப்பவர் அறிந்து சொல்ல வேண்டுவது எது என்பதை, வாரத்திற்கொரு முறை சாவி கொடுக்கப்படும் எட்டு நாள் நெடுங்கடிகாரத்தைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

சொல்லாட்சி பற்றி ஒன்று கூறவேண்டும். கடிகாரத்தில் பற்கள் மிகுந்த பெரிய சக்கரம் பற்கள் குறைந்த சிறிய சக்கரத்தை இயக்கும். முன்னதைச் சக்கரம் என்றும் பின்னதைச் சிறுசக்கரம் என்றும் இங்கு வழங்குகிறோம். சிறுசக்கரத்தின் பல்லை ஆங்கிலத்தார் 'இலை' எனப் பொருள்படும் சொல்லால் குறிப்பர். அதனை அப்படியே பெயர்ப்பதால் தமிழில் படிப்போர்க்குத் தெளிவு உண்டாவதில்லை. ஆதலின் இரண்டிற்கும் பல் என்னும் சொல்லையே கையாள்கிறோம்.

பற்களின் எண்ணிக்கை

ஆங்கிலேய நெடுங்கடிகாரங்களில் பெருவழக்காயிருந்த சக்கரத்தொடர் பின்வருமாறு அமையும். எடைக்கல் தொங்கும் உருளையோடு இணைந்த முதற்சக்கரத்திற்கு 96 பற்கள். அது 8 பற்களுடைய நடு அச்சின் சிறுசக்கரத்தை இயக்கும். நடு அச்சு மணிக்கு ஒருமுறை சுற்றுவது. நிமிட முள் இதனைச் சார்ந்தே இயங்கும். அதிலுள்ள 60 பற்சக்கரம் அடுத்த அச்சின் 8 பற்களை இயக்க, அவ்வச்சின் 56 பற்சக்கரம் இறுதி அச்சின் 7 பற்களை இயக்கும். 60/8 என்பது ஏழரை. 56/7 என்பது எட்டு. இரண்டன் பெருக்கம் 60. ஆகவே இறுதி அச்சு நிமிடத்திற்கு ஒருமுறை சுற்றும். நொடி முள்ளை அதிலேயே பொருத்திவிடலாம். முதற்சக்கரம் ஒரு சுற்று முடிக்க 96/8, அதாவது 12 மணி நேரமாகும். உருளையில் கயிறு 16 சுற்றுகள் கொள்ளுமாயின் 192 மணி நேரம், சரியாக எட்டு நாள், கடிகாரம் ஓடும்.

இக்கணக்கை மென்பொருள் பிழையின்றிச் செய்யும். ஆயினும் எந்த எண்களைக் கொடுப்பது என்பதில் வடிவமைப்பவரின் அறிவு தேவைப்படுகிறது. நிமிட முள்ளின் சுழற்சியைப் பன்னிரண்டில் ஒன்றாகக் குறைத்து மணி முள்ளுக்குத் தரும் பகுதியை நோக்குவோம். 36/12, 40/10 எனும் இரு இணைகளைக் கொடுத்தால் மூன்றும் நான்கும் பெருகிப் பன்னிரண்டு கிடைக்கும். ஆனால் இரு முட்களும் ஒரே மையத்தில் நிற்பவை. எனவே இரு இணைகளின் அச்சுத் தொலைவும் ஒன்றாக இருத்தல் வேண்டும். பல்லின் அளவைக் குறிக்கும் மாட்யூல் (சக்கரத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் கொண்டு பற்களின் எண்ணிக்கையால் வகுத்தது) ஒன்று எனக் கொண்டால், முதல் இணைக்கு 24 மில்லிமீட்டரும் இரண்டாம் இணைக்கு 25 மில்லிமீட்டரும் வருகின்றன. விகிதம் சரி, பொறி பொருந்தாது. 30/10, 32/8 எனக் கொண்டாலோ இரண்டும் 20 மில்லிமீட்டராகிப் பொருந்திவிடும்.

இதனினும் சுவையானது நிலவின் பிறையைக் காட்டும் தட்டு. ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை சராசரியாக 29.53059 நாள். பழைய கடிகாரங்களில் இதனை இருபத்தொன்பதரை எனக் கொண்டு, இரு நிலவுகள் வரைந்த தட்டுக்கு 118 பற்கள் வைத்து, நாளுக்கு இரு பற்கள் நகரச் செய்தனர். மாதத்திற்கு 44 நிமிடப் பிழை. ஏறத்தாழ இரண்டு ஆண்டு எட்டு மாதத்தில் பிறை ஒரு நாள் பிசகிவிடும். இன்னும் துல்லியமான பின்னத்தைத் தேடுவோர் தொடர்வகுத்தல் முறையை நாடுவர். ஒரு வகுத்தலின் மீதியைக் கொண்டு அடுத்த வகுத்தலைச் செய்துகொண்டே போகும் இம்முறை, ஆரியபட்டர் 499இல் காட்டிய குட்டகக் கணக்கிற்கும் அடிப்படையாவது. இந்தியவியல் பயில்வோர்க்கு அது புதிதன்று. அம்முறையில் 59/2 என்பதற்கு அடுத்தபடியாக 443/15, 502/17, 1447/49 என்பன கிடைக்கின்றன. கடைசிப் பின்னத்தின் பிழை மாதத்திற்கு இரண்டே நொடி! எனினும் கடிகாரத்திற்கு இவை உதவா. 443, 1447 ஆகியவை பகா எண்கள். 502இன் காரணியோ 251 எனும் பகா எண். பகா எண்ணை இரு சிறு சக்கரங்களாகப் பிரிக்க இயலாமையால் 443 பற்களையும் ஒரே சக்கரத்தில் வெட்ட வேண்டியதாகும்.

பாரிசு நகரத்துக் கடிகாரக் கலைஞர் அஷீல் புரோக்கோ 1861இல் வெளியிட்ட முறை இத்தகைய இடர்ப்பாட்டைத் தீர்க்கவே எழுந்தது. செருமானியக் கணிதவியலார் மோரிட்சு இசுட்டெர்ன் 1858இல் எண்ணியல் நோக்கில் அதே அமைப்பைக் கண்டிருந்ததால் இருவர் பெயராலும் அது இன்று வழங்குகிறது. உண்மை மதிப்பிற்கு மேலொன்றும் கீழொன்றுமாக உள்ள இரு பின்னங்களின் தொகுதிகளைத் தனியாகவும் பகுதிகளைத் தனியாகவும் கூட்டினால் அவற்றிடையே புதிய பின்னமொன்று பிறக்கும். 443/15, 502/17 ஆகியவற்றை அவ்வாறு கூட்ட 945/32 வருகிறது. 945 என்பது 3, 3, 3, 5, 7 ஆகியவற்றின் பெருக்கம். எப்படி வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாம். பன்னிரண்டு மணிக்கொரு முறை சுழலும் மணி அச்சிலிருந்து 72/8, 105/8 என இரு இணைகளை அமைத்தால், இரு நிலவுத் தட்டு இரு மாதத்திற்கு ஒருமுறை சுற்றும். மாதத்திற்குப் பிழை 57 நொடி. ஒரு நாள் பிசக 122 ஆண்டுகள் ஆகும். எண்ணைக் கொடுத்தால் சக்கரம் வரையும் மென்பொருள், 1447ஐக் கொடுத்தாலும் தயங்காது வரைந்துவிடும் என்பதை ஈண்டு நினைவிற்கொள்ளல் தகும்.

பல்லின் வடிவம்

வடிவமைப்பு மென்பொருள்கள் பலவும் நாம் வேறு கூறாதவிடத்து இன்வொல்யூட் வளைவில் பல் வரைகின்றன. வட்டத்தில் சுற்றிய நூலை இறுக்கமாகப் பிரித்தெடுக்கும்போது அதன் நுனி வரையும் வளைவு அது. ஊர்திகளிலும் ஆலைகளிலும் அதுவே ஏற்றது. வழக்கமான 20 பாகை அழுத்தக் கோணத்தில் அதற்குக் குறைந்தது 17 பற்கள் வேண்டும். குறைந்தால் பல்லின் அடிப்பகுதி குடையப்பட்டு மெலிந்துவிடும். நம் கடிகாரத்திலோ 7, 8 பற்களே உள்ளன.

ஆதலாற்றான் கடிகாரக் கலைஞர் சைக்ளாய்டு வகை வளைவைப் போற்றினர். ஒரு வட்டத்தின்மீது மற்றொரு சிறுவட்டம் உருளும்போது அச்சிறுவட்டத்தின் விளிம்பிலுள்ள புள்ளி வரையும் தடமே இவ்வளைவு. சிறுவட்டம் வெளிப்புறம் உருண்டால் சக்கரப் பல்லின் மேற்பகுதியும், உட்புறம் உருண்டால் சிறுசக்கரப் பல்லின் அடிப்பகுதியும் கிடைக்கும். இங்கொரு நயமான உண்மை உண்டு: உள்ளே உருளும் வட்டத்தின் விட்டம் வெளிவட்டத்தின் விட்டத்தில் சரிபாதியாயின் அப்புள்ளி வளைவன்று, மையத்தை நோக்கிய நேர்கோட்டையே வரையும். சிறுசக்கரப் பற்களின் பக்கங்கள் நேராக இருப்பது இதனாலேயே. அரத்தால் தேய்த்துச் செய்தவர்க்கு இது பெரும் வாய்ப்பாயிற்று. மாட்யூல் ஒன்றாயுள்ள 8 பற்சிறுசக்கரத்தின் விட்டம் 8 மில்லிமீட்டர். எனவே உருளும் வட்டம் 4 மில்லிமீட்டர். அதனை இயக்கும் 60 பற்சக்கரத்திற்கும் அதே 4 மில்லிமீட்டரைத்தான் மென்பொருளில் கொடுத்தாக வேண்டும். இரண்டிற்கும் வெவ்வேறு அளவைக் கொடுத்தால் பற்கள் பார்வைக்கு அழகாகவே தோன்றும். ஆனால் ஒரே சீராகத் தள்ளா.

சைக்ளாய்டுப் பல்லின் மற்றொரு சிறப்பு உராய்வு பற்றியது. இரு பற்கள் மையக்கோட்டை அணுகும்போது ஒன்றையொன்று குத்தித் தேய்க்கும். கோட்டைக் கடந்து விலகும்போது வழுக்கிச் செல்லும். கடிகாரப் பல்லின் வடிவம் தொடுகையின் பெரும்பகுதியைக் கோட்டிற்குப் பின்னரே நிகழச் செய்கிறது. 1952இல் பிரித்தானியர் வகுத்த பி.எஸ். 978 எனும் தரவரையின் இரண்டாம் பகுதி, வெட்டுவதற்கு எளிதாக இவ்வளைவிற்கு ஈடான வட்டவில்லை வைத்துக்கொண்டது. செயல்முறைக்கு அதுவே போதும் என்பது நம் கருத்து.

திரையில் தோன்றாதவை

அசைபடத்தில் ஓர் அச்சை நாம் சுழற்றினால் ஏனையவும் சுழல்கின்றன. உண்மைக் கடிகாரத்தில் நிகழ்வது வேறு. 30 பற்களுடைய இறுதிச் சக்கரத்தை ஊசலோடு அசையும் நங்கூர வடிவத் தடுப்பு, நொடிக்கு ஒருமுறை பிடித்து அரைப்பல் தொலைவு விடுவிக்கின்றது. முதற்சக்கரத்திற்கும் இறுதிச் சக்கரத்திற்கும் இடையே வேகம் 720 மடங்கு பெருகுவதால், சுழற்றும் விசை உராய்வே இல்லாதபோதும் 720இல் ஒரு பங்காகச் சுருங்கும். ஒவ்வோர் இணையிலும் ஓர் அச்சின் தாங்குதுளையிலும் சிறிது உராய்வு மிகுந்தாலும் ஊசலைத் தள்ள எதுவும் எஞ்சாது. திரையில் வெறும் வடிவமே அசைவதால் இவ்விழப்பு அங்குப் புலப்படுவதில்லை. மாணவர்க்குக் கற்பிப்போர் அசைபடத்தைக் காட்டுமுன் 720 எனும் இவ்வெண்ணைக் கரும்பலகையில் எழுதிவிடுவது நன்று.

ஊசலின் நீளமும் அவ்வாறே. நொடிக்கொரு முறை அடிக்கும் ஊசலின் நீளத்தைக் கணிக்கப் பாடநூல்கள் தரும் 9.81 எனும் புவியீர்ப்பு மதிப்பை இட்டால் 994 மில்லிமீட்டர் வரும். நிலநடுக்கோட்டை ஒட்டிய சிங்கப்பூரில் அம்மதிப்பு 9.781 அளவே, நீளம் 991 மில்லிமீட்டராக இருத்தல் வேண்டும். மூன்று மில்லிமீட்டர் சிறிதெனத் தோன்றினும் கடிகாரம் நாளொன்றுக்கு இரண்டு நிமிடத்திற்கு மேல் பின்தங்கும். 1672இல் பிரெஞ்சு வானியலார் ஷான் ரிஷே, பாரிசில் சரிபார்த்த கடிகாரம் தென்னமெரிக்கக் காயேன் தீவில் நாளுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் மெதுவாக ஓடக் கண்டார். புவி முழு உருண்டையன்று என நியூட்டன் நிறுவியபோது அதுவும் ஒரு சான்றாயிற்று. திரையில் வரைந்த ஊசலை இங்குச் செய்து தொங்கவிடுவோர், குண்டின் கீழுள்ள மரையைச் சில சுற்று மேலேற்றி நாள்தோறும் ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளலாம்.