காணாமல் போன விண்டோவுக்காகக் கணினியை நிறுத்தாதீர்கள்

ஓப்பநாயக்க நகரில் ஒரு கொமியூனிகேஷன் கடை. உயர்தரம் சித்தியடைந்த தோட்டத்து மாணவி ஒருவர் பல்கலைக்கழக விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பிக்கொண்டிருந்தார். கட்டுரையொன்றை அனுப்புவதற்காக நான் பக்கத்துக் கதிரையில் காத்திருந்தேன். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் வேறோர் எழுத்து என்று பெயர் மாறிக் கிடப்பது மலையகத்தில் புதிதல்லவே. அதைச் சரிபார்க்க ஸ்கேன் செய்த அடையாள அட்டையைத் திறந்தவர், விண்ணப்ப விண்டோவை மவுஸால் ஓரமாக இழுத்தார். அது அப்படியே மறைந்துவிட்டது. ஒரு மணித்தியாலம் தட்டச்சு செய்தது, இன்னும் அனுப்பவில்லை.

"ஓஃப் பண்ணிப் போட்டா வந்துரும்" என்று கடைத் தம்பி பவர் பட்டனை நோக்கிப் போனார்.

"தம்பி, கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

நம்மில் பலரும் செய்யும் தவறு இதுதான். கண்ணுக்குத் தெரியாத விண்டோ பெரும்பாலும் மூடப்பட்ட விண்டோ அல்ல. உள்ளே எழுதியதோடு அது எங்கோ திறந்தேதான் இருக்கும். கணினியை நிறுத்தினால்தான் உண்மையில் அழியும்.

ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி டேப் விசையைத் தட்டினேன். திறந்திருக்கும் எல்லா விண்டோக்களும் சிறு படங்களாக வந்தன. விண்ணப்பமும் இருந்தது. தெரிவு செய்தேன், திரையில் ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் மேசையின் மறுபக்கம் வாடிக்கையாளருக்குப் படங்களைக் காட்ட வைத்திருந்த இரண்டாவது மொனிட்டரைக் கவனித்தேன். அது அணைந்து கிடந்தது, ஆனால் கேபிள் கழற்றப்படவில்லை. திரை இருட்டாக இருப்பது கணினிக்குத் தெரியாது. வலது பக்கம் இன்னும் இடம் இருப்பதாக நினைத்து, இழுத்த விண்டோவை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டது.

விண்டோஸ் விசை, ஷிப்ட், இடது அம்புக்குறி மூன்றையும் சேர்த்து அழுத்தியதும் விண்ணப்பம் திரும்பி வந்தது. அந்தப் பிள்ளை அப்போதுதான் மூச்சு விட்டார்.

ப்ரொஜெக்டரில் பூட்டிக் கழற்றிய லெப்டொப்பிலும் இதே சிக்கல் வரலாம். அங்கே ஆல்ட்டும் ஸ்பேஸும் அழுத்தி, பிறகு எம் எழுத்தைத் தட்டி, ஏதாவது ஓர் அம்புக்குறியை ஒருமுறை அழுத்துங்கள். அதன்பின் மவுஸை அசைத்தால் விண்டோ அதோடு ஒட்டிக்கொண்டு வரும். விண்டோஸ் விசையுடன் பி அழுத்தி, கணினித் திரை மட்டும் போதும் என்று தெரிவு செய்வதும் ஒரு வழி.

2015இல் வந்த விண்டோஸ் 10 முதல் ஒரே கணினியில் பல டெஸ்க்டொப்கள் வைத்துக்கொள்ளலாம். கைதவறி அடுத்ததற்குப் போனவர்களும் எல்லாம் போய்விட்டதென்று பதறுகிறார்கள். விண்டோஸ் விசையும் டேப்பும் சேர்த்து அழுத்தினால் எது எங்கே என்று தெரியும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, எனக்கு அதுதான் அதிகம் உறுத்துகிறது. அந்தச் சிறு படங்களில் முன்பு வந்துபோன யாரோ ஒருவரின் வங்கிப் புத்தகப் பக்கமும், திறந்தபடி விட்ட மின்னஞ்சலும் இருந்தன. திரையில் தெரியாததால் எல்லாம் முடிந்துவிட்டதென்று எழுந்து போயிருக்கிறார். பொதுக் கணினியில் மின்னஞ்சலைப் பார்த்தால் வெளியேறிவிட்டு, ஆல்ட் டேப்பை ஒருமுறை தட்டிப் பார்த்து, உங்களுடையதை மூடிவிட்டே எழும்புங்கள்.

மாணவியின் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அச்சுப் பிரதியும் எடுத்துக்கொண்டார். மிச்சமிருந்தவற்றை நான் மூடப்போனபோது தம்பி தடுத்தார்.

"அந்தக் கடிதத்த மட்டும் மூடாதீங்கக்கா. பாதி அடிச்சிட்டு டீ குடிக்கப் போயிருக்காரு."