கடல் நடுவே ஒரு வரண்ட நிலம்: தீவகமும் அதன் மக்களும்

பாலைநிலம் என்றதும் மணல்மேடும் ஒட்டகமும் நம் கண்முன் வரும். நாற்புறமும் நீர் சூழ்ந்திருந்தும் குடிக்க ஒரு குடம் தண்ணீருக்கு அலைய வேண்டிய நிலத்தை என்னவென்று அழைப்பது? யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே உள்ள தீவகம் அத்தகைய நிலம். இச்சிறு நிலப்பரப்பில் எத்தனை சமூகத்தவர் வாழ்ந்தனர், எதை நம்பி வாழ்ந்தனர் என்பதை நம் மாணவியர் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

மண்டைதீவு, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு, காரைநகர் என்பன இங்குள்ள ஊர்த்தீவுகள். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் வழியாக வேலணைக்கும், அங்கிருந்து இன்னொரு கடற்பாலம் வழியாகப் புங்குடுதீவுக்கும் தரைவழியே போகலாம். புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையில் தரைவழி முடிகிறது. அதற்கப்பால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுதான்.

இத்தீவுகளில் ஆறு இல்லை. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையில் பெய்துவிடும். அந்த மழைநீர் சுண்ணாம்புக் கல்லினூடே கீழிறங்கி, உவர்நீரின்மேல் ஒரு படலமாக மிதக்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது என்பதே இதற்குக் காரணம். கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் இருக்கும் என்பது புவியியற் கணக்கு. இதை மறுபக்கமாகவும் பார்க்க வேண்டும். மேலே ஓரடி குறைந்தால், காலப்போக்கில் கீழிருந்து உவர்நீர் நாற்பதடி ஏறிவரும். பட்டையாலும் வாளியாலும் அள்ளிய காலத்தில் கிணறு தாங்கியது. மின்பம்பி பூட்டி இறைக்கும்போது அது உவராகிவிடுகிறது. வேலணையில் சாட்டிப் பக்கத்து நன்னீர்க் கிணறுகளிலிருந்து அயலூர்களுக்கும் தண்ணீர் கொண்டு செல்லப்படுவதைத் தீவகத்தார் அறிவர். நெடுந்தீவில் உவர்நீரைக் குடிநீராக்கும் நிலையம் நிறுவப்பட்டுள்ளது. அங்கே ஒல்லாந்தர் காலத்தை நினைவூட்டித் திரியும் குதிரைகள் கடும் வரட்சியில் மடிந்த செய்திகளும் உண்டு.

இத்தகைய நிலத்தை நாடி வந்தோர் பலர். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அவன் 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட மன்னன். பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கே வரவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கவேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. யானையும் குதிரையும் கொண்டுவந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உரியவருக்கு. வேறு சரக்கானால் இருவருக்கும் பாதிப்பாதி. அந்த ஊராத்துறையே இன்றைய ஊர்காவற்றுறை. வந்தவரைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் இம்மண்ணில் அத்தனை பழையது.

சைவரே இங்கு பெரும்பான்மையினர். ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் கத்தோலிக்கரின் பழைய ஆலயங்கள் உள்ளன. முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை 1966இல் கோலாலம்பூரில் நடத்த முன்னின்ற தனிநாயகம் அடிகளார், 1913இல் கரம்பொனில் பிறந்த கத்தோலிக்கத் துறவி. நயினாதீவின் நாக விகாரைக்குத் தெற்கிலிருந்து பௌத்த யாத்திரிகர் வந்தவண்ணம் இருப்பர். அதே தீவில் முஸ்லிம்களும் பள்ளிவாசலும் உண்டு. வேலணைத் தீவில், மண்கும்பான் கடற்கரையிலும் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. மீன்பிடி, பனை, மேட்டுநிலப் பயிர் ஆகியவற்றோடு, கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை வைத்ததே தீவகத்தாரின் பெருந்தொழிலாக இருந்தது. மண் தராததைக் கடல் கடந்து தேடிக்கொண்டார்கள்.

பிறகு போர் வந்தது. 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவகத் தமிழர் பெருமளவில் ஊரைவிட்டு ஓடினர். 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். மண்கும்பானில் பிறந்து சோனகத்தெருவில் வாழ்க்கைப்பட்ட என் உம்மம்மாவும் அவர்களுள் ஒருவர். புத்தளத்தில் இருந்த காலமெல்லாம் அவர் விட்டு வந்த வீட்டைவிட அதன் கிணற்றைப் பற்றியே அதிகம் கதைப்பார். "உப்புக் கரிக்காத கிணறு பிள்ளை. பக்கத்து வீட்டுப் பொன்னம்மாக்காவும் அதிலதான் அள்ளுவா" என்பார். ஒரே கிணற்றில் இரு வீட்டார் அள்ளிய அந்த வாழ்க்கைதான் தீவகத்தின் உண்மையான வரலாறு என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்று பலர் திரும்பி வந்திருக்கின்றனர், பலர் வரவில்லை. கூரை இழந்த வீடுகளும் பற்றை மூடிய வளவுகளும் இன்னும் இருக்கின்றன. ஊருக்குத் திரும்ப வீடும் காணி உறுதியும் மட்டும் போதாது. குடிக்கக் கிணறும், அதைப் பகிர்ந்துகொள்ள அயலும் வேண்டும். ஆகவே, தீவகத்தில் வீடு திருத்தும் பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். பம்பி பூட்டுமுன் கூரைநீரைச் சேர்க்கத் தொட்டி கட்டுங்கள். ஊர்க் குளத்தையும் கேணியையும் ஐப்பசிக்கு முன் தூர்வாரச் சேர்ந்து நில்லுங்கள். வுழூச் செய்யும்போதும் நீரை வீணாக்கக் கூடாது என்பது நாம் சிறுவயதில் கற்ற பாடம். தீவகத்தில் அது அயலவரின் உரிமையைக் காக்கும் பாடமும் ஆகும். நமது கிணற்றுக்கும் அவர்களது கிணற்றுக்கும் கீழே இருப்பது ஒரே நீர்தான்.